பால் போலக் கலங்கும் தண்ணீர், மூலையில் ஒதுங்கும் சிக்லிட்

கேள்வி: மலாவி சிக்லிட் 14 வளர்க்கிறேன், கொளத்தூரில் வாங்கியவை. தொட்டி மூன்றடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு மணல், கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறேன். மூன்றாம் நாளே தண்ணீர் பால் ஊற்றியது போல ஆகிவிடுகிறது. மீன்கள் மூலையில் கிடக்கின்றன. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன் ஒன்று உடம்பு முழுக்கக் கறுத்துப்போய் மற்றவற்றைத் துரத்துகிறது. இது நோயா? கடையில் நீல மருந்து ஊற்றி, யூவி விளக்கு மாட்டச் சொல்கிறார்கள்.
வாசகர், வேளச்சேரி

பதில்: மருந்தும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். உங்கள் தொட்டியைக் கலக்குவது அந்தப் பதினைந்து நாள் கழுவல்தான்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். ஸ்பாஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்களோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளோரின் கலந்த தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்து அவற்றைக் கொன்றுவிடுகிறீர்கள். தொட்டி வைத்து எத்தனை மாதம் ஆனாலும் அது புதுத் தொட்டிதான்.

அந்த இடைவெளியில் தண்ணீரில் மிதந்தபடியே பெருகும் வேறு பாக்டீரியாக்கள்தான் பால் நிறத்துக்குக் காரணம். அவை ஸ்பாஞ்சில் சிக்காத அளவுக்குச் சின்னவை. தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகத் தெளியும். யூவி விளக்கு பச்சைத் தண்ணீருக்கு நன்றாக வேலை செய்யும். அம்மோனியாவை அது ஒன்றும் செய்யாது. நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் பதம் பார்த்துவிடும்.

இந்த மீன்களின் தாயகமான, ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி ஏரியின் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஹெச் 7.7 முதல் 8.6 வரை. அந்த மீன்களுக்கு நாம் வைக்கும் தண்ணீரும் 8-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். சாதா தொட்டியில் மீன் சமாளித்துவிடும் அளவு, சிக்லிட் தொட்டியில் மீனைச் சுருள வைத்துவிடும். அதனால் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். யூவி விளக்குக்கு எடுத்து வைத்த காசு அதற்குப் போகட்டும். இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் சரி.

இனி வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மணலும் கல்லும் போக உங்கள் தொட்டியில் சுமார் 160 லிட்டர் இருக்கும். ஆக 20 லிட்டர் பக்கெட்டில் இரண்டு. சைஃபன் குழாயை மணலுக்குச் சற்று மேலே பிடித்துக் கழிவை உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி விடுங்கள், போதும். அது பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிகிற நாட்களில் மட்டும் வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றன்றே கால் பங்கு மாற்றுங்கள்.

மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் இந்த மீன்களுக்கு நல்லதுதான். ஆனால் இரும்புச் சத்து அதிகமுள்ள போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் செம்மஞ்சளாகிவிடும். ஒரு பக்கெட்டில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் தாது உப்பே இருக்காது. பிஹெச் இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் மென்மையாக இருந்தால் நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டு வையுங்கள்.

ஃபில்டர் மணிக்கு 1,000 லிட்டராவது தள்ள வேண்டும். கூடவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருந்தால் கரன்ட் போனாலும் கவலையில்லை. சென்னைக் கோடையில் தொட்டி 32 டிகிரியைத் தொடும்; சூடேற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனும் மந்தமாகும். மூடியைத் திறந்து, மீன் குதிக்காதபடி வலை போட்டு, நீர்ப்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

தீனி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் அதிகம்தான் போடுகிறார்கள். இந்த மீன்களில் பல ஏரியில் நாள் முழுக்கப் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியை ஒன்றிரண்டு நிமிடத்தில் தீரும் அளவுக்கு நாளுக்கு இரண்டு வேளை போடுங்கள், வாரம் ஒரு நாள் பட்டினி. ட்யூபிஃபெக்ஸ் புழுவும் இறைச்சியும் வேண்டாம். வயிறு உப்பிச் சாகும்.

இப்போது அந்தக் கறுத்த மீன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆராட்டஸ் என்ற மலாவி சிக்லிட் வகை. அதன் பெண்ணும் குஞ்சும் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டிருக்கும். ஆண் பருவத்துக்கு வந்ததும் நிறம் தலைகீழாகி, உடம்பு கறுத்துக் கோடு வெளிறிவிடும். ஆக, நோயில்லை. ஆனால் மலாவி மீன்களிலேயே மகா முரடர்களில் ஒன்று அது. மூன்றடித் தொட்டியில் அது இருக்கும்வரை மற்றவை மூலையை விட்டு வராது. தண்ணீரை எவ்வளவு சரிசெய்தாலும் இந்தப் பிரச்சினை மிஞ்சும். கடையில் திருப்பிக் கொடுத்து, மஞ்சள் லேப் என்ற சாதுவான மலாவி மீன் இரண்டைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டிய பிறகு. மீனை எடுத்த அன்றே கற்களைக் கலைத்துப் புதிதாக அடுக்குங்கள். யாருக்கு எந்தப் பொந்து என்ற பழைய கணக்கு அழிந்து எல்லாமே வெளியே வந்து நீந்தத் தொடங்கும். கனமான கல்லை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் தெர்மகோல் போட்டு அதன்மேல் வையுங்கள். இவை மணலைத் தோண்டும். கல் சரிந்தால் கண்ணாடி போய்விடும்.

இதற்குப் பிறகும் ஒரு மீன் மட்டும் தனியாக ஒதுங்கி, தீனியைத் தொடாமல் இருந்தால் அதன் தாடையைப் பாருங்கள். கீழ்த்தாடை பை போலத் தொங்கி, எதையோ மெல்வது போல அசைந்தால் அது வாயில் முட்டை வைத்திருக்கும் பெண். சுமார் மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும், வலை போட்டுத் துரத்தாதீர்கள். வாய் காலியாக இருந்து, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் அது குடல் கோளாறு. அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள்.