இரண்டரை வயதுப் பிள்ளை பொம்மையைப் பிடுங்கி, அடித்து, உருண்டு அழுகிறான். இது சரியாகுமா?

ஆகும். இந்த வயதில் இது கெட்ட குணமில்லை. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதை மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே விவரித்திருக்கிறார். சேர்ந்து விளையாடுவது அப்புறம் மெல்லத்தான் வரும்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள், காதில் ஏறாது. ஆத்திரத்தை அடக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். இவனுக்கு இப்போதுதான் ஆரம்பம். தரையில் உட்கார்ந்து, அவன் கண்மட்டத்துக்கு வந்து, "அவன் லாரியை எடுத்ததும் கோபம் வந்துடுச்சு, இல்ல?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் பக்கத்திலேயே இருங்கள். கை ஓங்கினால் மென்மையாகப் பிடித்து, "கோபப்படலாம், அடிக்கக் கூடாது" என்று நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தைகள்.

'சாரி சொல்லு' என்று வற்புறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு மறுபடி பிடுங்குவான். நீங்கள் பொறுமை இழந்து கத்திவிட்ட நாளில் (எல்லோரும் கத்துகிறோம்) "நான் கத்தினது தப்பு" என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். மன்னிப்பு என்றால் என்னவென்று அதில்தான் பிடிபடும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.