ரெஸ்லிங் காட்சிக்குப் போட்ட காசு திரும்புமா?

கேள்வி: கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி மூலம் பழக்கமான ஒருவர், வெளிநாட்டு ரெஸ்லிங் வீரர்களைக் கூட்டிவந்து டிசம்பரில் மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை மூன்று இடத்திலும் காட்சி நடத்துவதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் 40 வீத லாபமாம். நகையை அடகு வைத்து 6 லட்சம் கொடுத்தேன். ஒக்டோபரில் ‘முதல் லாபம்’ என்று 20,000 தந்தார். மட்டக்களப்புக் காட்சி பாதியில் நின்றது, மற்ற இரண்டும் நடக்கவேயில்லை. தை மாதம் திரும்ப நடத்த இன்னும் 2 லட்சமும், ‘பங்காளர் ஒப்பந்தம்’ ஒன்றில் கையெழுத்தும் கேட்கிறார். தராவிட்டால் முதல் காசும் போய்விடுமாம். கணவர் அனுப்பிய காசு கையில் இருக்கிறது. கொடுக்கவா? — வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. கையெழுத்தும் போட வேண்டாம்.

நீங்கள் படம் பிடித்து அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். ஊருக்கு 5,000 பேர், டிக்கெட் 2,000 ரூபா, ஆக மூன்று ஊருக்கும் 3 கோடி வரவு என்று போட்டிருக்கிறார். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் ஓர் இரவுக்கு 10,000 ரூபா எடுத்து வைக்க வேண்டும். நம்முடைய பக்கத்தில் அப்படி எத்தனை குடும்பம் வரும்? ஓசி டிக்கெட் கேட்பவர்களையும் மதிலேறிப் பார்ப்பவர்களையும் அந்தத் தாளில் காணோம். மாநகர சபைக்குக் கட்டும் கேளிக்கை வரியும் இல்லை. செலவுப் பக்கம் இன்னும் மோசம். வீரர்களின் சம்பளமும் விமான டிக்கெட்டும் டொலரில், வரவோ ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். டொலர் அப்படி ஏறினால் சமாளிக்க ஒரு சதம்கூட ஒதுக்கவில்லை. இதையெல்லாம் விடுங்கள், டிசம்பரில் மட்டக்களப்பில் திறந்த மைதானத்தில் காட்சி! மாரி மழை தெரியாதவரா அவர்? தையிலும் அது லேசில் விடாது.

ரெஸ்லிங் என்றாலே காசு கொட்டும் என்பது டீவி தரும் மயக்கம். அமெரிக்காவில் டெட் டர்னரின் தொலைக்காட்சியே பின்னால் நின்ற டபிள்யூசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பனி, 2000ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 6 கோடி டொலர் நட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 2001 மார்ச்சில் போட்டிக் கம்பனியே அதை வாங்கிக்கொண்டது.

ஆனால் நட்டம் வேறு, ஏமாற்று வேறு. மழையில் காட்சி கெட்டுப் போனதற்காக ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது அந்த 20,000 ரூபாதான். ஒக்டோபரில் ஒரு டிக்கெட்டும் விற்கவில்லை, அச்சடிக்கக்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? உங்களுக்குப் பிறகு போட்ட இன்னொருவரின் காசாக இருக்கலாம், அல்லது உங்கள் 6 லட்சத்திலிருந்தே கிள்ளித் தந்ததாக இருக்கலாம். வந்த காசைப் பார்த்து நீங்கள் மாமிக்கும் பக்கத்து வீட்டு ரீச்சருக்கும் சொல்லியிருப்பீர்கள். அதற்காகவே தருவது அது. போஸ்டரில் முகம் போட்ட வீரர்களோடு ஒப்பந்தம் இருந்ததா என்பதையும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பங்காளர் ஒப்பந்தம் ஏன் என்று யோசித்தீர்களா? இன்று நீங்கள் அவருக்குக் காசு கொடுத்தவர். பங்காளர் ஆகிவிட்டால் தொழிலின் கடனுக்கும் பொறுப்பாளி. ஒலி, ஒளி, ஹோட்டல், லொறிக்காரர் எல்லோரும் நாளைக்கு உங்கள் படலையைத் தட்டலாம். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவைக் காட்டி நம்ப வைத்தார் என்கிறீர்கள். அது ஒரு பெயர் பதிவானதற்குச் சான்று, அவ்வளவுதான். தனியார் கம்பனி என்று சொன்னாலும், 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி அது பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது.

இனிச் செய்ய வேண்டியது. வங்கிச் சிட்டை, அவர் எழுதித் தந்த துண்டு, வட்ஸ்அப் குரல் பதிவுகள் எதையும் அழிக்காமல் இன்னொரு போனிலும் எடுத்து வையுங்கள். சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். எழுத்து ஒப்பந்தமென்றால் வழக்குப் போட 6 வருட அவகாசம், வாய்ப்பேச்சென்றால் 3 வருடம்தான். ‘தருவேன், தருவேன்’ என்று இழுத்தடிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள். பொய் சொல்லிக் காசு வாங்கியதற்கு ஆதாரம் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள். உங்களைப் போல் போட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ‘உங்களுக்கு மட்டும் தனியாகத் தருகிறேன், மற்றவர்களுக்குச் சொல்லாதீர்கள்’ என்றால் காசோலை வேண்டாம், காசு கைக்கு வரட்டும். ஒன்றுவிட்ட தம்பியைக் குடும்பச் சண்டையில் இழுக்காதீர்கள். பணம் கைமாறியதைப் பார்த்த சாட்சி அவர், வழக்கில் தேவைப்படுவார்.

6 லட்சமும் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பகுதி வந்தாலே பெரிது. ஆனால் நகை இன்னும் உங்களுடையது. அடகுச் சீட்டை எடுத்துத் தவணைத் தேதியைப் பாருங்கள், தவறினால் ஏலத்தில் போய்விடும். அந்த 2 லட்சத்தை இந்தக் கிழமையே வங்கிக்குக் கொண்டுபோய், வட்டி முழுவதையும் கட்டி, மிச்சத்தை அசலில் கழிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் தாலிக்கொடியை முதலில் மீளுங்கள்.