உபுண்டுவில் ஒற்றைக்கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை பைத்தானில், டிகிண்டர் என்ற திரை நூலகம் கொண்டு எழுதியிருக்கிறேன். விண்டோஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, உபுண்டுவில் சிதறுகிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. இரண்டிலும் ஓட வேண்டும், விற்கவும் வேண்டும். எதற்கு மாறலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பைசைடு6-க்கு மாறுங்கள். க்யூட் 6 என்ற திரை நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த உதவுவது அது.

எழுத்துருவின் மேல் குற்றமில்லை. யூனிகோடில் 'பெ' என்பது முதலில் ப, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது திரையில் வரையும் நிரலின் பொறுப்பு. உபுண்டு போன்ற லினக்ஸில், டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 நம்பியிருக்கும் எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நூலகம் அதைச் செய்வதில்லை. 'பெருங்காயம்' என்று கொடுத்தால் 'ப' மொட்டையாக நிற்கும், கொம்பு 'ரு'வோடு போய் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் இயங்குதளமே அடுக்கிக் கொடுத்துவிடுவதால் குறை வெளியே வரவில்லை.

க்யூட், அதைப் போன்ற இன்னொரு திரை நூலகமான ஜிடிகே இரண்டும் இந்த வேலையை, எழுத்துகளை அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நூலகத்திடம் விடுகின்றன. டபிள்யூஎக்ஸ்பைத்தான் லினக்ஸில் ஜிடிகே மேல் ஓடுவதால் அதிலும் தமிழ் சரியாக வரும். வலைப்பக்கம் போல் மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரானிலும் வரும், ஆனால் குரோமியம் உலாவி முழுவதையும் சுமந்து வரும் அது, 4 ஜிபி நினைவகமுள்ள கடைக் கணினிக்குப் பெரும் பாரம்.

விற்பதால் உரிமத்தைக் கவனியுங்கள். க்யூட்டுக்கான இன்னொரு பைத்தான் இணைப்பான பைக்யூட், ஜிபிஎல் (விற்றால் உங்கள் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம்) அல்லது கட்டண உரிமம். பைசைடு, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. உங்கள் மூலநிரலைத் தராமல் விற்கலாம், ஆனால் மென்பொருளை வாங்கியவர் அதிலுள்ள க்யூட் நூலகங்களை மாற்றிப் போட வழி இருக்க வேண்டும். ஆகவே பைத்தான் நிரலை நேரடியாக ஓடும் மென்பொருளாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பிரித்துக் கொட்டும் வேலை இல்லாததால் சீக்கிரம் திறக்கவும் செய்யும்.

விண்டோஸுக்கு விண்டோஸிலும் லினக்ஸுக்கு லினக்ஸிலும் தனித்தனியே கட்ட வேண்டும். லினக்ஸில், வாடிக்கையாளர்களிடம் உள்ளதிலேயே பழைய பதிப்பில் கட்டுங்கள். புதியதில் கட்டினால் பழைய கணினியில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) பிழை வரும். க்யூட் 6.5 முதல், லினக்ஸில் திரையோடு பேசும் 'எக்ஸ்சிபி' செருகுநிரல் ஏறவில்லை என்று செய்தி வந்தால் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 தொகுப்பை நிறுவுங்கள். கடையில் விண்டோஸ் 7 இருந்தால் க்யூட் 6 ஓடாது. அங்கே பழைய க்யூட் 5.15, அதற்கான பைசைடு2தான்.

தெர்மல் பிரிண்டர் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. பில்லை க்யூட்டின் க்யூஇமேஜ் வசதியில் படமாக வரைந்து அனுப்புங்கள்: 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் 80 மிமீ தாளுக்கு பொதுவாக 576 புள்ளி அகலம், 58 மிமீக்கு 384.