வாசகர் கேள்வி: தொடுதிரையில் எது மேலே, எது கீழே?

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): பாட்டில் நிரப்பும் இயந்திரம் ஒன்றின் தொடுதிரைக்குப் படம் வரைந்தேன். கன்வேயரில் பாட்டில் நகரும் அனிமேஷனை வைத்து, எச்சரிக்கைப் பெட்டியை அதற்கு முன்னால் இருக்குமாறு அமைத்தேன். ஓட்டிப் பார்த்தால் பாட்டில் பெட்டியின் மேல் ஏறிப் போகிறது. அருகிலுள்ள ஸ்டார்ட் பட்டனும் சில நேரங்களில் தொட்டால் வேலை செய்வதில்லை. எங்கே தவறு?

பதில்: வரையும் மென்பொருளில் ஓர் ஆப்ஜெக்ட்டை (படம், பட்டன் என்று திரையில் வைக்கும் எதையும்) முன்னால் கொண்டுவரும்போது மாறுவது வரிசை மட்டுமே. பொதுவாக முதலில் வரைந்தது அடியிலும் கடைசியில் வரைந்தது மேலேயும் இருக்கும்; சீமென்ஸின் திரை வடிவமைப்பு மென்பொருளான வின்சிசியில் இதற்கென்றே 0 முதல் 31 வரை 32 அடுக்குகள் உண்டு. ஆனால் நகரும் ஆப்ஜெக்ட்டுகள் எல்லா மென்பொருளிலும் இந்த வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. வெயின்டெக் நிறுவனத்தின் பேனல்களுக்கான (தொடுதிரைக் கருவிகளுக்கான) ஈஸிபில்டர் ப்ரோ மென்பொருளில் இது ஒரு தெரிவாகவே இருக்கிறது: சிஸ்டம் பாராமீட்டரில் 'கன்ட்ரோல்' என்று வைத்தால், அனிமேஷனும் நகரும் உருவமும் எப்போது வரையப்பட்டிருந்தாலும் மற்றவற்றுக்கு மேலேதான் தெரியும், 'நேச்சர்' என்று மாற்றினால் உருவாக்கிய வரிசைப்படி தெரியும். உங்கள் பாட்டிலின் போக்கு முதல் வகையை ஒத்திருப்பதால், உங்கள் மென்பொருளில் இதற்கு இணையான தெரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெரிவை மாற்றிச் சரியானாலும், எச்சரிக்கைப் பெட்டியைக் கன்வேயரின் பாதையிலேயே விட்டுவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பாட்டில் ஒவ்வொரு முறை நகரும்போதும் பழைய இடத்தை அழித்துப் புதிய இடத்தில் வரைவதோடு, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றையும் பேனல் திரும்ப வரைய வேண்டியிருக்கும். மேலே ஒளி ஊடுருவும் படம் இருந்தால் சுமை இன்னும் கூடும். எச்சரிக்கையைப் பாப்-அப் சாளரமாக்கி, பி.எல்.சி.யின் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின்) ஒரு பிட்டால், அதாவது ஆன்/ஆஃப் சிக்னலால், திறக்கச் செய்வதே நல்லது.

ஸ்டார்ட் பட்டனைப் பொறுத்தவரை, அதன் மேல் ஏதேனும் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறமும் விளிம்பும் இல்லாத பட்டன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலின் தொடுதலை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஆப்ஜெக்ட்டை நிறமற்றதாக்குவதும், விசிபிலிட்டி நிபந்தனையால் (எப்போது தெரிய வேண்டும் என்று விதிக்கும் அமைப்பால்) மறைப்பதும் ஒன்றல்ல. மேலிருப்பது மட்டும் இயங்குமா, அடியில் இருப்பதும் சேர்ந்து இயங்குமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் என்பதால், கணினியில் மவுஸால் சோதித்ததோடு நிறுத்தாமல், பேனலிலேயே, இயந்திரத்தைப் பாதுகாப்பாக நிறுத்திவைத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பைத் திரையில் வரைந்து, அதுவே போதும் என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு; அது தனி ஒயரிங்கோடு கூடிய சிவப்பு மஷ்ரூம் பட்டனாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி (கிண்டி வாசகர்): மோட்டார் சுழல வேண்டும், தொட்டியில் நீர் அலையடிக்க வேண்டும் என்கிறார் எங்கள் வாடிக்கையாளர். செய்து கொடுக்கலாமா?

பதில்: தொட்டியின் மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டுங்கள், அது ஆபரேட்டருக்குத் தேவையான தகவல். அலை தேவையில்லை. மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதற்கு நிற மாற்றமும் ஒரு சொல்லும் போதும். தொழிற்சாலைத் திரைகளுக்காக 2015-இல் வெளியான, சர்வதேச ஆட்டோமேஷன் சங்கத்தின் ஐ.எஸ்.ஏ. 101 தரநிலையை ஒட்டி வடிவமைப்பவர்கள் பின்னணியைச் சாம்பல் நிறத்தில் விட்டு, மினுக்குதலை ஆபரேட்டர் இன்னும் ஒப்புக்கொள்ளாத அலாரத்துக்கு மட்டுமே ஒதுக்குகிறார்கள். வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், சுழலும் மோட்டாரை முகப்புத் திரையில் மட்டும் வைத்துக்கொடுங்கள்.