கடல் கடந்து வரும் மேடை

வணக்கம்.

பல ஆண்டுகளாக நான் விரும்பிக் கேட்டுவரும் ஒரு வெளிநாட்டுப் பாடகர் முதல்முறையாக எங்கள் நாட்டுக்கு வந்தார். அவருடைய சொந்த நாட்டில் விற்றதைவிடக் கூடுதல் விலை கொடுத்து டிக்கெட் வாங்கினேன். பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் வேறு சேர்ந்துகொண்டது. விளம்பரப் படத்தில் அரங்கின் நடுவரை நீளும் மேடையும், பாடகரைத் தூக்கிச் செல்லும் தளமும், மூன்று பக்கமும் திரைகளும் இருந்தன. நேரில் இருந்ததோ நேரான ஒரு மேடையும் ஒரே ஒரு திரையும்தான். அவர் அருமையாகப் பாடினார். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறேன். நண்பர்களிடம் சொன்னால், "அவர் இங்கே வந்ததே பெரிது, மேடையைப் போய்க் குறை சொல்லலாமா?" என்கிறார்கள். என் எதிர்பார்ப்பு நியாயமற்றதா? அவர் மறுபடி வந்தால் டிக்கெட் வாங்கலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர்களின் கருத்தை நான் ஏற்கவில்லை. அதே சமயம், அங்கே இருந்த மேடை இங்கேயும் இருந்தே ஆகவேண்டும் என்று கேட்பதும் சரியல்ல. மேடை சிறியதாகத்தான் இருக்கும் என்பது ஏற்பாட்டாளருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் பெரிய மேடையின் படத்தைக் காட்டி விற்றார்களே, உங்கள் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.

மேடை ஏன் சுருங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரே கண்டத்துக்குள் நடக்கும் சுற்றுப்பயணத்தில் மேடை லாரிகளில் போகிறது. மிகப் பெரிய மேடை என்றால் ஒரே ஒரு மேடை போதாது. அயர்லாந்தின் யு2 ராக் இசைக்குழு 2009 முதல் 2011 வரை நடத்திய பயணத்தில், நான்கு கால்களோடு சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு நின்ற கட்டமைப்பை மூன்று பிரதிகளாகச் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போதே இன்னொன்று அடுத்த ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும். கடல் குறுக்கிட்டால் செலவு வேறு விதமாகிவிடுகிறது. கப்பலில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அந்தப் பொருள்கள் வேறெங்கும் பயன்படாமல் முடங்கிக் கிடக்கும். விமானத்தில் அனுப்பினாலோ எடைக்கு மட்டுமல்லாமல் அடைக்கும் இடத்துக்கும் பணம் கேட்பார்கள். வழக்கமான கணக்குப்படி ஒரு கன மீட்டர் இடம் 167 கிலோவுக்குச் சமம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள பெட்டியில் 60 கிலோ எடையுள்ள விளக்குகளே இருந்தாலும் கட்டணம் 167 கிலோவுக்குத்தான். ஆகவே பல குழுக்கள் வாத்தியங்கள், ஒலிக்கலவை மேசை, உடைகள், காட்சிகள் பதிந்த கணினிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டுவந்து, திரை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் போகும் நாட்டிலேயே வாடகைக்கு எடுக்கின்றன. நீங்கள் பார்த்த ஒற்றைத் திரை அப்படி வந்ததாக இருக்கலாம்.

அரங்கின் கூரையும் ஒரு வரம்பு. திரையும் விளக்குகளும் அங்கிருந்துதான் தொங்குகின்றன; அது எத்தனை டன் தாங்கும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டக் கூடாது. இதில் மட்டும் எந்த ரசிகரும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. கீழே நிற்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

மேடை சுருங்கியும் விலை ஏன் கூடியது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஓரிரு இரவுகளுக்காக ஒரு குழு ஒரு நாட்டுக்கு வரும்போது விமானச் செலவு, தங்கும் செலவு, சரக்குக் கட்டணம், விசா, வரி அனைத்தையும் அந்த ஓரிரு இரவின் இருக்கைகளே சுமக்க வேண்டும். விசாவும் வரியும் சிறிய செலவுகள் அல்ல. அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான பி (P) வகை விசா மனுக் கட்டணம் 2024 ஏப்ரலில் 460 டாலரிலிருந்து 1,015 டாலராக உயர்ந்தது. ஒரு மனுவில் 25 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அங்கே கிடைக்கும் மொத்த ஊதியத்தில் பொதுவாக 30 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படும். இதற்கு நேரெதிரான கணக்கு டெய்லர் ஸ்விஃப்ட் 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடியது. ஒருமுறை எழுப்பிய மேடை ஆறு நிகழ்ச்சிகளுக்கு உதவியது, அரசு மானியமும் கொடுத்தது. ஆனால் தென்கிழக்காசியாவில் அவர் வேறெங்கும் பாடவில்லை, அண்டை நாடுகளின் ரசிகர்கள் விமானம் ஏறித்தான் வர வேண்டியிருந்தது. செலவு மறையவில்லை, ரசிகரின் பயணச் சீட்டுக்கு இடம் மாறியது.

இவ்வளவும் உண்மையான காரணங்கள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட மறைத்து விற்பதற்கான காரணம் ஆகாது. 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் டிக்கெட் விற்பனையில், சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்களிடம், நின்று பார்க்கும் இடத்துக்கே 355 பவுண்டு கேட்கப்பட்டது. பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது இதுதான்: கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றவில்லை, முதலில் மலிவு டிக்கெட்டுகளை விற்றுவிட்டு, அவை தீர்ந்ததும் மீதியைப் பெரிய விலைக்கு விட்டிருக்கிறார்கள். இப்படி இரண்டு விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே ரசிகர்களுக்குத் தெரிவிப்பதாக டிக்கெட் நிறுவனம் 2025இல் உறுதிமொழி கொடுத்தது. விலை குறையவில்லைதான், ஆனாலும் இதைப் பெரிய முன்னேற்றமாகவே நான் மதிக்கிறேன். தெரிந்து கொடுப்பவர் ஏமாறுவதில்லை.

கலைஞர் நினைத்தால் இன்னும் செய்யலாம். 2023இல் தி க்யூர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் மலிவு டிக்கெட்டுகள் சிலவற்றில் சேவைக் கட்டணம் டிக்கெட் விலையையே தாண்டியபோது, அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகச் சண்டை போட்டு, ஒரு டிக்கெட்டுக்கு 5 அல்லது 10 டாலர் திருப்பித் தரவைத்தார்.

முன்கூட்டியே சொல்லப்பட்ட இடத்தில் ரசிகருக்கும் பொறுப்பு உண்டு. 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் ஏ.ஆர்.ரஹ்மான் நடத்திய நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் அதிகம் என்று சொல்லிச் சில இந்தி ரசிகர்கள் பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 'நேற்று இன்று நாளை' என்று நிகழ்ச்சியின் பெயரே தமிழில் இருந்தது. அவர்களுடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, கோரிக்கையை ஏற்க முடியவில்லை. உங்கள் நிலை அதுவல்ல. உங்களிடம் காட்டியது ஒன்று, கொடுத்தது இன்னொன்று.

மறுபடி வந்தால் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் குரலுக்காக மட்டுமே அந்த விலையைக் கொடுக்க மனம் ஒப்பினால் வாங்குங்கள். டிக்கெட் பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடுவதால், முந்தைய நாட்டில் நடந்த நிகழ்ச்சியின் காணொளியைப் பார்த்து முடிவு செய்ய எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனவே விற்பனை தொடங்கும் அன்றே ஏற்பாட்டாளருக்கு எழுதி, விளம்பரத்தில் உள்ள மேடைதான் வருகிறதா, எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலை என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒற்றைத் திரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், இந்த முறை வந்த விளம்பரப் படத்தையும் நீங்கள் எடுத்த மேடைப் படத்தையும் சேர்த்து இப்போதே ஏற்பாட்டாளருக்கு அனுப்புங்கள். அவர்கள் மழுப்பினால் நுகர்வோர் அமைப்பிடம் போகலாம். பாடகரின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தன் பெயரில் என்ன படம் போட்டு விற்றார்கள் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.