சிவில் படித்து முடித்தவர் கட்டுமான மேலாண்மைக்குள் எப்படி நுழைவது?

கேள்வி கேட்டவர் சிவில் பட்டம் முடித்திருக்கிறார். உடனே கட்டுமான மேலாண்மையில் மேற்படிப்புக்குப் போவதா, பிரைமவேரா என்ற, வேலை அட்டவணை போடும் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு பிளானிங் வேலை தேடுவதா, இல்லை சைட் இன்ஜினியராகப் போவதா என்று கேட்கிறார். நான் சைட் இன்ஜினியராகத் தொடங்கி, பில்லிங் (செய்த வேலையை அளந்து பில் போடுவது), பிளானிங் இரண்டும் பார்த்துவிட்டு, இப்போது புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். முதலில் சைட்டுக்குப் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்த மனமில்லை. ஐந்தாறு வருடம் வெயிலில் நின்றும் மேலாண்மையின் பக்கமே வராமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சைட்டில் எதைக் கவனிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு அது புரிந்த நாளைச் சொல்கிறேன். முதல் வருடம், ஒரு மாடித் தளத்தின் கான்கிரீட்டை என் பொறுப்பில் விட்டார்கள். முந்தின நாள் மாலை டிராயிங்கோடு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகைத் தளம்) மேல் ஏறி, கம்பியின் விட்டம், இடைவெளி, இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் லேப் நீளம், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்கும் கவர் பிளாக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டேன். காலை ஆறு மணிக்கு முதல் லாரி வந்தது. பாதித் தளம் போட்டு முடித்த நேரத்தில் பிளம்பர் வந்து, "சார், பாத்ரூம் பக்கம் ரெண்டு ஸ்லீவ் வரணுமே, வைக்கலையா?" என்று கேட்டார். தளத்தின் வழியே பைப் போக முன்கூட்டியே வைக்கும் குழாய்தான் ஸ்லீவ். அவர் கையில் இருந்த டிராயிங்கின் மூலையில் ரிவிஷன் சி என்று இருந்தது, அதாவது திருத்திய புதுப் பதிப்பு. என்னிடம் இருந்தது ரிவிஷன் பி. அந்த இடம் அதற்குள் மூடியாகிவிட்டது.

சில வாரம் கழித்து, வடிவமைப்புப் பொறியாளரிடம் அனுமதி வாங்கி, கோர் கட்டிங் மெஷினை வைத்துத் துளை போட்டோம். உருளையாக வெளியே வந்த கான்கிரீட் துண்டின் பக்கத்தில் வெட்டுப்பட்ட கம்பி ஒன்று பளபளத்தது. நான் அளந்து டிக் போட்ட கம்பி. எங்கள் மேனேஜர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கம்பியைச் சரியாத்தான் பார்த்திருக்க. எந்தத் தாளை வச்சுப் பார்த்த?" என்றார். அன்று முழுக்க அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

கம்பியைச் சரிபார்ப்பது பொறியாளர் வேலை. லாரிக்குச் சொல்லும் முன்பே கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோர் கையிலும் ஒரே ரிவிஷன் இருக்கிறதா என்று பார்ப்பது மேலாண்மை. நாளை வேலை எதனால் நிற்கும், எதனால் தவறும் என்பதை இன்றைக்கே கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் சம்பளம். மற்றதெல்லாம் அதற்கான கருவிகள்.

தாள் விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். 1981 ஜூலையில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல், கீழ் நடைபாதை இரண்டையும் தாங்க வேண்டும். தயாரிக்கும் கட்டத்தில் அதை இரண்டு துண்டாக மாற்றினார்கள். கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு ஒன்று, அங்கிருந்து கீழ் நடைபாதைக்கு இன்னொன்று. அதனால் மேல் நடைபாதையின் உத்தரத்தில் நட்டு தாங்கிய சுமை இரண்டு மடங்கானது. அந்த மாற்றம் ஷாப் டிராயிங்கில் (தயாரிப்பவர் போடும் விவர வரைபடம்) இருந்தது, ஒப்புதலும் ஆகியிருந்தது, ஆனால் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சைட்டில் "சின்ன மாற்றம்தானே சார்" என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஹோட்டல் ஞாபகம் வரும். உங்களுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, முதல் இரண்டு வருடம் என்ன செய்யலாம்?

முதலில் சைட் டைரி. கம்பெனி ரிப்போர்ட் தனியாக இருக்கட்டும், உங்களுடையது ஒன்று வேண்டும். "இன்று கம்பி கட்டும் வேலை நடந்தது" என்று எழுதுவதால் யாருக்கும் உதவியில்லை. "கம்பி கட்ட 14 பேர், சென்ட்ரிங்கில் 9 பேர். காலை 11:20 முதல் 1:40 வரை கிரேன் பழுது. மூன்றாம் தளத் தூண் டிராயிங் இன்னும் வரவில்லை, மதியம் மெயிலில் மறுபடி கேட்டேன்" என்று எழுதுங்கள். பெரிய ஒப்பந்தங்களில் கூடுதல் நாளோ பணமோ கேட்க வேண்டுமென்றால் அதற்கு அறிவிப்புக் கெடு உண்டு. பல நாடுகளில் பயன்படும், ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தில், விஷயம் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். டிராயிங் தாமதமாக வந்ததற்காக ஒருமுறை நாங்கள் கூடுதல் நாள் கேட்டபோது, எதிர்த்தரப்பு முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு ஜூனியர் பெண் தன் டைரியைக் கொண்டுவந்து வைத்தாள். எந்தெந்தத் தேதியில் எத்தனை பேர் வேலையில்லாமல் நின்றார்கள் என்று வரிசையாக இருந்தது. அதன் பிறகு பேச்சே வேறு மாதிரிப் போனது.

அடுத்தது எண்ணிக்கை. கம்பியின் எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்க வேண்டும் என்பது படித்ததுதான், 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. ஒரு கம்பி கட்டுபவரும் ஒரு உதவியாளரும் ஒரு நாளில் எத்தனை கிலோ கட்டுகிறார்கள்? தூணில் எவ்வளவு, தளத்தில் எவ்வளவு? அதைப் புத்தகத்தில் தேடாதீர்கள், உங்கள் சைட்டில் நின்று எண்ணுங்கள். மூன்று மாதம் எண்ணினால் மேஸ்திரி "நாளை மறுநாள் முடிச்சிடலாம்" என்று சொல்லும்போது அது நடக்குமா என்று உங்களுக்கே தெரியும்.

மேஸ்திரிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் பொறியாளர்கள் பலர் அவர்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், இல்லையென்றால் அதிகாரம் காட்டப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டாம். "அண்ணே, இதை ஏன் இப்படிக் கட்டுறீங்க?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் மனசோடு சொல்லித் தருவார்கள். ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்ட வேலைகளில் ஏறக்குறைய பாதிதான் சொன்னபடி முடிகிறது என்பதை கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் சைட்டுகளில் அளந்து காட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் லாஸ்ட் பிளானர் முறை. வேலையை நேரில் செய்விப்பவரைக் கேட்காமல் மேலே உட்கார்ந்து திட்டம் போடாதே, அவருக்கு முன்னால் இருக்கும் தடைகளை முதலில் அகற்று என்பதே அதன் சாரம். எந்த சாஃப்ட்வேரும் இல்லாமல், ஒரு பலகையும் வாரம் ஒருமுறை அரை மணி நேரமும் இருந்தால் உங்கள் பகுதியில் இதைத் தொடங்கலாம்.

பிரைமவேராவுக்கு வருகிறேன். கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் இருபது வேலைகளைக் கொண்ட ஒரு சின்னக் கட்டடத்துக்குத் தாளில் கையால் நெட்வொர்க், அதாவது வேலைகளை அம்புக்குறியால் இணைக்கும் படம், போடுங்கள். எது முடிந்தால் எது தொடங்கும், எந்த வரிசையில் ஒரு நாள் தள்ளினாலும் கடைசித் தேதி தள்ளும், எதில் இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்குப் பெயர்தான் கிரிட்டிக்கல் பாத் முறை. 1950களின் கடைசியில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் என்ற அமெரிக்க நிறுவனங்களிலிருந்து வந்தது. சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கிறது, கணக்கு அதேதான். கான்கிரீட் எத்தனை நாளில் எவ்வளவு வலு பெறும் என்று தெரியாதவர் போடும் ஷெட்யூலில், நேற்றுப் போட்ட தளத்தைத் தாங்கும் முட்டுகளை இன்றைக்கே பிரித்திருப்பார்கள். நான் இதை உண்மையாகவே பார்த்திருக்கிறேன், ஷெட்யூலில் பட்டைகள் எல்லாம் அழகாக வண்ணத்தில் இருந்தன.

ஒன்றரை வருடம் கழிந்ததும் பில்லிங் பக்கம் போக வாய்ப்புக் கேளுங்கள். இதைப் பலர் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. கூலி வாராவாரம் கொடுத்தாக வேண்டும். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் சப்ளையர் குறிப்பிட்ட நாள்தான் பொறுப்பார். செய்த வேலைக்கு அளவெடுத்து, பில் போட்டு, சரிபார்த்து, பிடித்தம் போகப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் அந்த இடைவெளியை யார் தாங்குவது? லாபத்தில் இருக்கும் ஒரு வேலைகூட இந்த இடைவெளியில் மூச்சுத் திணறி நின்றுபோகும். செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தைத் தானே எழுதிப் பார்த்தவருக்குத்தான் ஒரு நாள் தாமதத்தின் விலை உடம்பில் ஏறும்.

மேற்படிப்பை இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தச் சட்டம் பற்றிய வகுப்பில் உட்காரும்போது உங்களுக்குக் கேட்பதற்குக் கேள்வி இருக்க வேண்டும். பி.எம்.பி. என்ற புராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழுக்கு நான்கு ஆண்டுப் பட்டம் உள்ளவரும் 36 மாதம் புராஜெக்ட்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும், ஆகவே அது இப்போதைக்கு உங்கள் கவலை இல்லை. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்களும் இந்தத் துறைக்குள் தாராளமாக வரலாம். பெரிய கட்டடங்களில் ஏசி, தண்ணீர், மின்சாரம், தீயணைப்புக் குழாய்களும் வயர்களும் எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். அதைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கு எப்போதும் வேலை உண்டு.

பாதுகாப்பைத் தனித் துறையின் வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கட்டுமானத்தில் உயிர்கள் போவதற்கு உயரத்திலிருந்து விழுவது மிகப் பெரிய காரணம். தளத்தின் விளிம்பில் தடுப்பு இல்லை, ஓட்டைக்கு மூடி இல்லை என்று கண்ணில் பட்டால், உங்களுக்கு அனுபவம் ஒரு மாதமாக இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்காகக் கோபப்படும் மேனேஜரிடம் வேலை செய்ய வேண்டியதில்லை.

நேரம் நீளும், ஊர் மாற வேண்டியிருக்கும், வீட்டு விசேஷங்கள் சில தவறும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். சைட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன்? அஸ்திவாரம் தோண்டும் கட்டத்தில் சேர்ந்தால் கட்டடம் மேலே வருவதை முழுதாகப் பார்க்கலாம். பூச்சு வேலையில் சேர்ந்தால் ஏற்கெனவே நடந்த தவறுகளைச் சரிசெய்வதிலேயே முதல் வருடம் போய்விடும். அந்தக் கட்டத்தை இரண்டாவது புராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் சைட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். சைட் ஆபீஸ் சுவரில் தொங்கும் டிராயிங் ரிஜிஸ்டரில் (எந்த டிராயிங்கின் எந்த ரிவிஷன் எப்போது வந்தது என்ற பட்டியல்) கடைசியாக என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். அது போன வாரத்துத் தேதியாக இருந்தால் தயங்காமல் சேருங்கள்.