மெருகு ஏறணும், ஆள் மாறக் கூடாது: தம்பிகளின் கேள்விகள்

ஊரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த தம்பிகள் கேட்டவை. இன்டர்வியூவுக்குப் பயிற்சி தருகிறவன் என்ற முறையில் என் பதில்கள்.

கேள்வி: அண்ணே, நான் தென்காசிப் பக்கம். வாயைத் திறந்தாலே ஆபீஸ்ல சிரிக்காங்க. பேச்சை மாத்திரட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. நான் கோவில்பட்டிக்காரன். வந்த புதுசுல இந்த ஊர் ஆள் மாதிரியே பேசிப் பழகினேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனப்ப அம்மா, "யாருட்டடா பேசுத?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே அந்தப் பேச்சை விட்டுட்டேன். பெரும்பாலும் இடிக்கிறது ஊர்ப்பேச்சு இல்ல, வேகம்தான். பதற்றத்துல வார்த்தையோட கடைசியை முழுங்கிடுறோம். தினம் பத்து நிமிஷம் பேப்பரைச் சத்தமா வாசிச்சு, போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. எங்க முழுங்குறீங்கன்னு உங்க காதே சொல்லும். "வாரேன், போறேன்" அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: இங்கிலீஷ் கத்துக்கிட்டா அலட்டுறேன்னு ஊர்ல சொல்றாங்க.

பதில்: காமராஜரை நினைச்சுப் பாருங்க. சின்ன வயசுலேயே பள்ளிப் படிப்பு நின்னவர். அப்புறம் தானாவே இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற அளவுக்குக் கத்துக்கிட்டார். 1954-லிருந்து 1963 வரை முதலமைச்சர். அந்தக் கதர் வேட்டியும் தொளதொள சட்டையும் மாறல, "பார்க்கலாம்"னு ஒரே வார்த்தையில முடிக்கிற பேச்சும் மாறல. நீங்க தைரியமாக் கத்துக்கோங்க.

கேள்வி: சட்டை எப்படி எடுக்கணும்?

பதில்: தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியிற இடத்துல நிக்கணும். கீழே இறங்கினா அப்பா சட்டை மாதிரி இருக்கும். காலர் பட்டன் போட்டா ரெண்டு விரல் நுழையணும். விலை அடுத்த விஷயம்.

கேள்வி: சென்ட் அடிக்கலாமா?

பதில்: முதல்ல குளியல், துவைச்ச பனியன். அதுக்கப்புறம் கொஞ்சமா.

கேள்வி: நான் அமைதியான ஆள். கெத்தா இல்லைன்னா ஆம்பளையே இல்லைங்கிறான் ரூம்மேட்.

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வலிக்குது. குரலை உயர்த்தினா ஆம்பளைன்னு எவன் சொன்னான்? உங்க அமைதியைத் தொடாதீங்க. ஆனா அமைதி வேற, ஒதுங்கி ஒளியறது வேற. மீட்டிங்ல தலையைக் குனிஞ்சு நோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்தா அது ஒளியறது. பேசுறவர் முகத்தைப் பாருங்க. முந்தின நாளே ஒரு கேள்வியை எழுதி வச்சுக்கோங்க. உங்க மெல்லிய குரல்லயே, ஆனா முழுசாக் கேளுங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும்.